பந்தய லைசென்சுக்கு வழி

மாலை ஆறு மணிக்கு லஸ் முனையில் புறப்பட்டு, ஷேர் ஆட்டோக்களுக்கும் மெட்ரோ ரயில் வேலைக்காக நிறுத்தியிருக்கும் தகரத் தடுப்புகளுக்கும் நடுவே வண்டியை ஒரு கீறல் இல்லாமல் மந்தைவெளி வரைக்கும் கொண்டு சேர்ப்பவனுக்கு வேறு மோட்டார்ப் பந்தயம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் மயிலாப்பூரில் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனாலும், 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்ற நாள் தொட்டு, தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கார்ச் சாவியைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களிடையே, ஏன், இளமையைக் கடந்து வெகு காலமான சிலரிடையேயும், ஒரு விசாரணை கிளம்பியிருக்கிறது. வெளிநாட்டுத் தடங்களில் பந்தயம் ஓட்டுவதற்கு ஒரு லைசென்ஸ் வேண்டுமாமே, அதை யார் கொடுக்கிறார்கள், சாமானியனுக்கும் கொடுப்பார்களா என்பதே அந்த விசாரணை.

கொடுப்பார்கள். லைசென்ஸ் வாங்குவது பலரும் நினைத்துக்கொண்டிருப்பதைக் காட்டிலும் எளிது. அந்த லைசென்சுக்கு வேலை கொடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் கடினம். அந்தக் கடினத்தில் பாதியையாவது இந்த மாநிலம் மனம் வைத்தால் குறைத்துவிட முடியும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ இருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி ஆயிரம் ரூபாய் கட்டினால், ஓராண்டுக் காலம் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றைத் தருகிறார்கள். அது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழியே வந்த ஏற்பாடு; மகனைப் பார்க்க அமெரிக்கா போகும் தகப்பனார் அங்கே கடைக்குக் காரோட்டிப் போவதற்கு உதவும். பந்தயத் தடத்தில் அதற்கு யாதொரு மதிப்பும் கிடையாது. எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய உள்ளூர் லைசென்சையும், அதன் பேரில் பெற்ற வெளிநாட்டு அனுமதியையும் அரசாங்கம் வழங்குகிறது. பந்தய லைசென்சோ அரசாங்கத்தின் கையில் இல்லவே இல்லை.

அது யார் கையில் இருக்கிறது என்றால், 1904-ஆம் ஆண்டில் தோன்றிப் பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்துவரும் எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் கையில். அந்தச் சம்மேளனம் தனி மனிதர்களோடு நேரிடையாக வியவகாரம் வைத்துக்கொள்வது அபூர்வம். நாட்டுக்கு ஒரு சங்கத்தை அங்கீகரித்து, அந்நாட்டு ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் வழங்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. இந்தியாவில் அந்த அதிகாரத்தை உடையது 1971-இல் அமைந்த இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் சம்மேளனம், எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்று சொன்னால்தான் பந்தயக்காரர்களுக்குப் புரியும். துபாயிலும் ஐரோப்பாவிலும் ஓட்ட விரும்பும் அடையாற்றுவாசி அங்கெல்லாம் போய் எவர் கதவையும் தட்ட வேண்டியதில்லை. அவன் தட்ட வேண்டிய கதவு நம் நாட்டிலேயே இருக்கிறது.

சென்னைவாசி இன்னும் ஒரு விதத்தில் பாக்கியசாலி. இந்தச் சம்மேளனம் பிறப்பதற்கு முன்பே, 1953-ஆம் ஆண்டிலேயே, மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே தோன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்காகச் செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் போட்டுவைத்திருந்த விமான ஓடுதளம் போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடக்க, அதைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டவர்கள் அந்தச் சங்கத்தார். வெளிநாட்டு வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் இறக்குமதி செய்வதற்கு ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. ஆகையால் பியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, மேற்கூரையைக் கழற்றி எறிந்து, இன்ஜினைக் குடைந்து, பட்டறை மேஸ்திரிகள் தங்கள் கைத்திறத்தால் உருவாக்கிய வண்டிகளே சோழவரத்தில் பெரும்பாலும் ஓடின. எண்பதுகளின் இறுதி வரைக்கும் அங்கே கூடிய ஜனத்திரள் கொஞ்சநஞ்சமன்று. பிற்காலத்தில் வேறு காரணங்களுக்காகப் பத்திரிகைகளில் இடம்பெற்ற விஜய் மல்லையா, ஒரு பழைய பார்முலா ஒன் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டியதும் அந்த ஓடுதளத்தில்தான். நாற்காலிக்கும் நிழலுக்கும் வழியில்லாத அந்த வெட்டவெளியில், சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு போய் உட்கார்ந்து பந்தயம் பார்த்தன என்பதை இன்றைய தலைமுறை நம்புவதே கடினமாக இருக்கும். பந்தயம் என்றால் பணக்காரர் சமாசாரம் என்ற எண்ணம் ஊறிப்போனது அதற்குப் பிறகு வந்த காலத்தில்தான்.

இரவல் இடத்தில் எத்தனை காலம் ஓட்டுவது என்று எண்ணிய அந்தச் சங்கத்தார், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990-இல் தமக்கென்றே ஒரு தடத்தைத் திறந்தார்கள். சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்தத் தடம் இந்த நாட்டின் பந்தய வரலாற்றில் வகிக்கும் ஸ்தானத்தைத் தில்லிக்கு அருகில் பெருஞ்செலவில் பிற்பாடு எழுந்த புத்தா தடத்தினால் அசைக்க முடியவில்லை. புத்தாவில் பார்முலா ஒன் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் நடந்து, வரி வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. இருங்காட்டுக்கோட்டையிலோ ஆண்டுதோறும் பந்தயம் நடந்தவண்ணம் இருக்கிறது. பார்முலா ஒன் பந்தயங்களில் இதுவரை ஓட்டிய இந்தியர் இருவரே. நாராயண் கார்த்திகேயன் கோயமுத்தூர்க்காரர், கருண் சந்தோக் சென்னைக்காரர். இருவருடைய ஆரம்ப காலத்திலும் இந்தத் தடத்துக்குப் பங்கு உண்டு. கருணின் பாட்டனார் இந்து சந்தோக், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவர். நாராயணின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் இத்துறையில் இருந்தால்தான் பிள்ளை மேலே வர முடியும் என்ற நிலைமையே அந்த இரு வரலாறுகளுக்குள்ளும் மறைந்திருக்கிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

லைசென்ஸ் வாங்கும் முறைக்கு வருவோம். வயதுச் சான்று, வைத்தியரின் சான்று, ரத்தப் பிரிவு, காரோட்டும் வழக்கமான லைசென்ஸ், புகைப்படம் ஆகியவற்றோடு சம்மேளனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைச் செலுத்துவது முதற்படி. இத்துடன் புதியவர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி ஒன்றில் பயின்றதற்கான சான்றையும் இணைத்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது வருஷம் ஓட்டியவன் நான், எனக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று முறைத்துக்கொள்கிறவர்கள் முதல் நாளிலேயே அடங்கிப்போவதைப் பயிற்சியாளர்கள் புன்னகையோடு சொல்வார்கள். வளைவுக்கு எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் நுழைவது, உச்சியைத் தொட்டபின் எப்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது என்பவற்றை நெடுஞ்சாலை எவனுக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அது கற்றுக்கொடுத்திருக்கும் தந்திரங்களில் பாதியை மறக்க வேண்டியும் இருக்கிறது. சாலையில் ஹாரன் அடித்து வழி கேட்டுப் பழகியவன் இங்கே ஹாரனே இல்லாத வண்டியில் உட்காருகிறான்.

ஹாரனுக்குப் பதிலாக இங்கே பேசுபவை கொடிகள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் செந்நிறக் கோடுகள் இருந்தால் தடத்தில் எண்ணெயோ நீரோ வழுக்குகிறது. நீலக் கொடி காட்டினால் உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான், கௌரவம் பாராமல் வழிவிடு என்று பொருள். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்டு உன் வண்டியின் எண்ணையும் சேர்த்துக் காட்டினால், உன் வண்டியில் ஏதோ கழன்று தொங்குகிறது, உடனே தடத்தோரத்தில் பழுதுபார்க்கும் ‘பிட்’ பகுதிக்குள் வந்துவிடு என்று உத்தரவு. வெறும் கறுப்புக் கொடியைப் பார்க்க எவனும் விரும்புவதில்லை. சிவப்பு காட்டப்பட்டால் பந்தயமே நின்றது. கொடியை மதியாமல் ஓட்டியவன் முதலிடத்தில் வந்தாலும் அவன் பெயர் பட்டியலில் கீழே இறங்கிவிடும், சில சமயம் பட்டியலிலேயே இராது. அடையாறு சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவதைச் சாமர்த்தியமாகக் கருதும் ஒருவன், இந்தக் கொடிகளுக்குக் கட்டுப்பட்டு ஒரு பருவம் ஓட்டிவிட்டு வந்தால் நகரத்துக்கே க்ஷேமம்.

பந்தய நாளன்று காலையில் வண்டிகளைப் பரிசோதிக்கும் கொட்டகையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் சுபாவம் விளங்கும். ஸ்க்ரூட்டினி என்று அதைச் சொல்கிறார்கள். பரிசோதகர் ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தைத்திருக்கும் தரச் சீட்டைப் படிக்கிறார். தீப்பிடிக்காத மேலுடையின் கழுத்துப் பட்டியில் பூவேலை போல் பொறித்திருக்கும் எண்ணைத் தடவிப் பார்க்கிறார். இருக்கைப் பட்டைகளைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டு, அவற்றில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டை உரக்கச் சொல்கிறார். பட்டை பார்ப்பதற்குப் புத்தம் புதிதாகவே இருக்கலாம். வருஷம் கடந்திருந்தால் அந்த வண்டி தடத்தில் இறங்காது. கழுத்து முறியாமல் காக்கும் ஹான்ஸ் என்னும் சாதனம் ஹெல்மெட்டோடு சரியாகப் பூட்டிக்கொள்கிறதா, வெளியிலிருந்து இன்ஜினை அணைக்கும் விசை வேலை செய்கிறதா, தீயணைப்பான் நிரம்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே தம் ஒட்டுச் சீட்டை வண்டியில் ஒட்டுகிறார். அவரிடம் நட்பும் செல்லாது, நட்சத்திரப் பட்டமும் செல்லாது. தடத்தைச் சுற்றிலும் வெயிலில் கொடியோடு நிற்கும் மார்ஷல்களில் பலர் வாரம் முழுவதும் உத்தியோகமோ கல்லூரியோ பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு சுற்றும் நடவாது. பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வருவதும் இல்லை.

உள்நாட்டு லைசென்ஸ் கைக்கு வந்தவுடன் எவரும் வேகமான வண்டியில் ஏறிவிடுவதில்லை. புதியவர்களுக்கென்றே நடத்தப்படும் நோவிஸ் பந்தயங்கள் இருக்கின்றன; மாருதி இன்ஜின் பூட்டிய ஒற்றை இருக்கை வண்டிகள், சாதாரணக் கார்களைத் திருத்தி ஓட்டும் டூரிங் கார்ப் பிரிவுகள் எனப் பல வகைகள் உண்டு. மார்கழி மாதத்துச் சபாக்களில், சாயங்காலக் கச்சேரிக்கு ஆசைப்படும் இளம் பாடகர் முதலில் டிக்கெட் இல்லாத மத்தியான வேளையில், பாதி காலியான அரங்கில், காண்டீன் வாசனை வீசிக்கொண்டிருக்கும்போது பாடித்தான் ஆக வேண்டும் என்பதைப் போன்றது இந்த ஏற்பாடு. கூட்டம் வருவதற்கு முன்னால் காலையில் நடந்து முடிந்துவிடும் அந்தப் பந்தயங்களில், ஒருவன் எத்தனையாவது வந்தான் என்பதோடு எப்படி ஓட்டினான் என்பதையும் அதிகாரிகள் கவனித்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குறிப்புகளே சர்வதேச லைசென்சுக்கு அஸ்திவாரம். உள்நாட்டுப் பந்தயங்களில் போதுமான எண்ணிக்கையில் பங்கெடுத்து, அவற்றை ஒழுங்காக முடித்தவர் என்ற சான்று இருந்தால், சம்மேளனம் அவரைச் சர்வதேச வரிசையின் கீழ்ப்படிக்கு உயர்த்துகிறது. அந்த வரிசையில் ஏ, பி, சி, டி என்று தரங்கள் உள்ளன. வண்டியின் எடைக்கும் இன்ஜினின் சக்திக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு எந்த வண்டிக்கு எந்தத் தரம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எடை குறைந்து சக்தி மிகும்போது தரமும் உயர வேண்டும். வைத்தியப் பரிசோதனையும் இங்கே கடுமையாகிறது. கண்ணாடி அணிந்தாவது பார்வை கூர்மையாக இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் சக்தி குறைவின்றி இருக்க வேண்டும், ஏனெனில் மஞ்சளையும் சிவப்பையும் குழப்பிக்கொள்பவனை அங்கே விட முடியாது. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு இருதயப் பரிசோதனையும் உண்டு. ஊக்க மருந்து விதிகளுக்கும் லைசென்ஸ் பெற்றவர் அனைவரும் கட்டுப்பட்டவர்கள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த லைசென்ஸ் காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சர்வதேசப் பந்தய விதித்தொகுப்பு முழுவதையும் அறிந்தவன், அதற்கு உடன்பட்டவன் என்று கையெழுத்திடுவதும் அந்த விண்ணப்பத்திலேயே அடங்கிவிடுகிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் பின்னால் வருத்தப்பட்ட கதைகள் ஏராளம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மலைத்துப்போகிறவருக்கு, பலர் அறியாத ஒரு சலுகையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஓட்டுவதற்கு எல்லாச் சமயத்திலும் சர்வதேச லைசென்ஸ் தேவையில்லை. அந்தந்த நாட்டின் உள்நாட்டுப் பந்தயங்களில், வெளிநாட்டவரும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டவை பல உள்ளன. அவற்றுக்கு நம் சம்மேளனத்தின் உள்நாட்டு லைசென்சும், வெளியே போய் ஓட்டுவதற்கு அதே சம்மேளனம் தரும் அனுமதிக் கடிதமும் போதும். சர்வதேச அட்டவணையில் இடம்பெற்ற பந்தயங்களுக்கே சர்வதேச லைசென்ஸ் அவசியமாகிறது. அவசரப்படாதவர்களுக்கு இது நல்ல வழி.

பார்முலா ஒன்னுக்குரிய சூப்பர் லைசென்ஸ் வேறொரு உலகத்தைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் கீழ்நிலைப் பந்தயங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும், பொதுவாக வயது 18 நிரம்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் 2016 முதல் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆறு, ஏழு வயதில் கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் ஏறாத குழந்தைக்கு அந்தக் கதவு ஏறக்குறைய சாத்தியபடியேதான் இருக்கும். அமெச்சூர் ஓட்டுநர் அதைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மற்ற விளையாட்டுகளில், தேர்ந்தவர்கள் ஆடும் இடத்தில் அமெச்சூருக்கு வேலை இல்லை. டெஸ்ட் பந்தயத்தில் ஓர் இடத்தை அலுவலகத்துக்குப் போய்வரும் கிரிக்கெட் ரசிகருக்கென்று ஒதுக்குவார்களா? நீண்ட நேர மோட்டார்ப் பந்தயத்தில் ஒதுக்குகிறார்கள். எஃப்.ஐ.ஏ. தன் ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் முதல் லைசென்ஸ் எடுத்து, தனி இருக்கை வண்டிகளில் அனுபவம் இல்லாதவர்கள் பெரும்பாலும் வெண்கல வகையைச் சேர்வார்கள். உலக நீண்ட நேரப் பந்தய வரிசையிலும், 1923 முதல் நடந்துவரும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும், ஜி.டி. வண்டிகளின் பிரிவில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருந்தே தீர வேண்டும் என்பது 2024 முதல் விதி. அமெச்சூர் இல்லாமல் அந்த வண்டி புறப்படவே முடியாது. வண்டிக்குப் பணம் கொண்டுவருபவரும் பல சமயம் அவரே என்பதால் இது வெறும் தர்மசிந்தனை என்று எண்ணிவிட வேண்டாம். எனினும் விதி விதிதான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு திரைப்படத்துக்காகப் பந்தயம் கற்றுக்கொண்டு, 1979-இல் தம் 54-ஆம் வயதில் லெ மானில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். நம் பழைய கதையிலும் நளன் தொழிலால் சாரதி அல்லன், அரசன். தேரில் அமர்ந்திருந்த மன்னன் இருதுபன்னன் தன் மேலாடை நழுவி விழுந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் காதங்களைக் கடந்துவிட்ட அந்தத் தேரை ஓட்டியவன் சூதாட்டத்தில் நாடு இழந்த ஒரு ராஜாதான்.

அஜித்குமார் விஷயத்தில் ஜனங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். புகழின் பலத்தால் ஒரே நாளில் துபாய்க்குப் போய்விட்டவர் அல்லர் அவர். நடிகராக நிலைபெற்ற பிறகு பார்முலா மாருதி என்ற உள்நாட்டுப் பந்தயத்தில் ஓட்டினார். 2003-இல் பார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாப் போட்டியில் கலந்துகொண்டார். 2010-இல், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, தம்மில் பாதி வயதுடையவர்களோடு ஐரோப்பாவில் பார்முலா டூ வண்டியில் இறங்கினார். அங்கே அவர் பரிசு ஒன்றும் பெறவில்லை. பிறகு நீண்ட இடைவெளி. ஐம்பதைத் தாண்டிய பின்னர் சொந்த அணி அமைத்துத் திரும்பினார். துபாய்ப் பயிற்சியில் வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றபோது காயமின்றி வெளியே நடந்து வந்ததற்கு, நான் மேலே சொன்ன பட்டைகளும் ஹான்ஸும், வண்டிக்குள் பொருத்திய பாதுகாப்புக் கூண்டும் காரணம். ரசிகர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்; அதில் அவர்கள் பார்க்க வேண்டியது ஸ்க்ரூட்டினி கொட்டகையை.

ஆபத்து இல்லையென்று சொன்னால் அது பொய். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் பந்தயத்தின்போது விபத்துக்குள்ளாகி இறந்தார்; அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ஒரு குழந்தையின் மரணத்துக்கு முன்னால் விதிகளின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பது கூடாத காரியம். குறைந்த வயது எது, எந்த வண்டி எந்த வயதுக்கு என்பவற்றைச் சம்மேளனம் இன்னும் கண்டிப்பாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆபத்தைச் சொல்லித் தடத்தை மூடிவிட்டால் வேகம் ஒழிந்துவிடுமா? சனிக்கிழமை நள்ளிரவில் காமராஜர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சைலன்சரைக் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் சத்தத்தில் தூக்கம் கலைந்தவர்களைச் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கேட்டுப் பாருங்கள். போலீசார் பிடிக்கிறார்கள், வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள், பெற்றோரை அழைத்து எச்சரிக்கிறார்கள். அடுத்த வாரம் வேறு சில பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே கொடியும் இல்லை, மார்ஷலும் இல்லை, ஆம்புலன்சும் காத்திருப்பதில்லை. குறுக்கே நடப்பவர் யாரென்று தெரியாது.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம் இதைவிட நியாயமானது. லைசென்சுக்கான கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத தொகையன்று. டயரும் பெட்ரோலும் மேலுடையும், விபத்தில் நொறுங்கிய பாகத்துக்குக் கொடுக்கும் விலையும் சேர்ந்துதான் ஆளை அடித்துப் போடுகின்றன. நாராயணும் கருணும் பந்தயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று முன்னர்ச் சொன்னது இதற்காகவே. நாராயண் இளம் வயதிலேயே பிரான்ஸ் நாட்டு வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயில முடிந்தது. தியாகராய நகரில் ஜவுளிக் கடைக் கணக்கர் மகனுக்கு அது முடியாது. இந்த இடைவெளியைக் குறைக்கக் கோயமுத்தூர் கரிவர்தன் ஒருவர்தான் உண்மையாக முயன்றார். கையில் கிடைத்த மாருதி இன்ஜினைப் பூட்டி, மலிவான ஒற்றை இருக்கை வண்டிகளைத் தாமே செய்து, பார்முலா மாருதி என்ற பந்தயத்தை உருவாக்கி ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தவர் அவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 2010-இல் தொடங்கிய போலோ கோப்பை போன்றவை, காரைத் தயாரிக்கும் கம்பெனியே வண்டியை வைத்துப் பராமரித்து ஓட்டுநரிடம் கட்டணம் மட்டும் வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. அதுவும் உதவியது; ஆனால் கம்பெனியின் விளம்பரத் திட்டம் மாறினால் பந்தயமும் மறைந்துவிடுகிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்டு 31-ஆம் தேதியும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றிச் சாலைகளை அடைத்து, தடுப்புச் சுவர் எழுப்பி, இரவைப் பகலாக்கும் விளக்குகள் பூட்டி, 3.5 கிலோமீட்டர் தெருப்பந்தயத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தியது. முந்திய டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்காகி, முதல் நாளன்று எஃப்.ஐ.ஏ.வின் தடச் சான்றுக்காகக் காத்திருந்து, ஒரு வழியாக அந்தப் பந்தயம் நடந்தேறியது. பார்த்தவர்கள் பிரமித்தார்கள், போர் நினைவுச் சின்னத்தருகே போக்குவரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சபித்தார்கள். அந்த வைபவத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பதினாறு வயதுப் பையன் மறுநாள் காலையில் எங்கே போக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு இரவு வெளிச்சத்தைக் காட்டிவிட்டு வழியைக் காட்டாமல் விட்டது என் பார்வையில் பெரிய பிழை.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நீச்சலுக்கும் டென்னிசுக்கும் செய்வதை இதற்கும் செய்யட்டும். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பந்தயம் இல்லாத வார நாட்களில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். பயிற்சிப் பள்ளிக் கட்டணத்தையும் முதல் ஆண்டு லைசென்ஸ் கட்டணத்தையும் தேர்ந்தெடுத்த சிலருக்குத் தானே ஏற்கலாம். ஹெல்மெட்டும் ஹான்ஸும் மேலுடையும் இரவல் தரும் ஒரு கிடங்கை வைக்கலாம். ஒரு தெருப்பந்தயத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

வீட்டில் பையனோ பெண்ணோ வேகமான வண்டி கேட்டு நச்சரித்தால், வண்டியை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போய், அந்தப் பரிசோதனைக் கொட்டகையருகே ஒரு மணி நேரம் நிற்கவையுங்கள். அங்கே கொடி பிடிக்க ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. மார்ஷலாகச் சேர்வதற்கு வண்டியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.